சாரை ஆணும் அல்ல, நாகம் பெண்ணும் அல்ல: பாம்பில் ஆண், பெண் கண்டறிவது எப்படி?

வயல் வரப்பிலோ தென்னந்தோப்பிலோ இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து தலையைத் தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அருகில் இருந்தவர்கள் "சாரையும் நாகமும் பிணையுது" என்று சொல்லியிருப்பார்கள். சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் பெண் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் அனேகமாக எல்லா ஊர்களிலும் உண்டு. சென்னையும் இதற்கு விலக்கல்ல. அடையாறு, கிண்டி, வேளச்சேரி பகுதிகளில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஒரு சாரை நுழைந்தால், "இதன் ஜோடி நாகம் பின்னாலேயே வரும்" என்று பயந்து அதை அடித்துக் கொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த ஒரு நம்பிக்கையால் விவசாயிக்கு இரண்டு வகையில் நஷ்டம். எலியைத் தின்று நெல்லைக் காக்கும் சாரை சாகிறது. 'சாரைதானே' என்று நினைத்து உண்மையான நல்ல பாம்பின் அருகில் போய்க் கடிபடும் ஆபத்தும் இருக்கிறது. எனவே பாம்பில் ஆண் எது, பெண் எது என்பதை எப்படி அறிகிறார்கள், யார் அறியலாம், யார் அந்த வேலைக்குப் போகக்கூடாது என்பதை இந்தக் கட்டுரையில் விளக்கமாகப் பார்ப்போம். வெளிநாட்டுப் பாம்பு இனங்களை வீட்டில் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவையும் இதில் உள்ளன.

சாரை வேறு, நாகம் வேறு

ஆடும் மாடும் எப்படி வேறு வேறு விலங்குகளோ, அப்படித்தான் சாரையும் நல்ல பாம்பும். இரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. சாரையில் ஆண் சாரை, பெண் சாரை உண்டு. நல்ல பாம்பில் ஆண் நாகம், பெண் நாகம் உண்டு. இரண்டு இனமும் ஒன்றோடொன்று இணைசேர்வதில்லை.

இரண்டையும் வேறுபடுத்தத் தூரத்தில் இருந்தே பார்க்கக்கூடிய அடையாளங்கள்:

1. நல்ல பாம்பு சீண்டப்பட்டால் கழுத்தை விரித்துப் படம் எடுக்கும். சாரைக்குப் படம் கிடையாது.
2. சாரையின் கண் பெரியது. உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள் தெரியும்.
3. படம் எடுத்த நல்ல பாம்பின் கழுத்து அடிப்பகுதியில் அகலமான கரும்பட்டைகள் தெரியும்.
4. சாரை ஆள் அரவம் கேட்டதும் வேகமாக ஓடி மறையும். மரத்திலும் நன்றாக ஏறும்.

படம் எடுக்காமல் ஊர்ந்து போகும் நல்ல பாம்பு பார்ப்பதற்குச் சாரை போலவே இருக்கும். எனவே சந்தேகம் இருந்தால் அதை நல்ல பாம்பு என்றே எண்ணி விலகி நிற்பதுதான் நல்லது. நல்ல பாம்பின் படத்தில் உள்ள மூக்குக் கண்ணாடி போன்ற குறிக்கும் ஆண், பெண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பிணைவது ஜோடியா, போட்டியா?

தலையைத் தூக்கி, கயிறு திரித்தது போல முறுக்கிக்கொண்டு ஆடும் இரண்டு சாரைகளும் அனேகமாக ஆண்கள். இனப்பெருக்கக் காலத்தில் இடத்துக்காகவும் பெண்ணுக்காகவும் நடக்கும் பலப்பரீட்சை இது. ஒன்றின் தலையை மற்றொன்று கீழே அழுத்தப் பார்க்கும். கடிப்பதில்லை. தோற்றது விலகி ஓடும், ஜெயித்தது அங்கேயே இருக்கும்.

உண்மையான இணைசேர்க்கை இவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருக்காது. ஆணும் பெண்ணும் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஆண் பாம்பு பெண்ணின் முதுகின் மேல் ஊர்ந்து, வாலை மட்டும் அதன் வாலோடு சேர்த்துப் பிணைத்திருக்கும். இது மணிக்கணக்கில் நீடிக்கலாம். புதர் மறைவில் நடப்பதால் நம் கண்ணில் படுவது குறைவு. நம் கண்ணில் அதிகம் படுவது ஆண்களின் போட்டிதான். அதையே நாம் ஜோடி என்று எண்ணிக்கொள்கிறோம்.

மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் அரச மரத்தடியில் இருக்கும் நாகக்கற்களைப் பாருங்கள். இரண்டு பாம்புகள் பின்னிய உருவம் பல கற்களில் செதுக்கப்பட்டிருக்கும். பிணைந்த பாம்புகளைக் குழந்தை வரத்தோடும் வளத்தோடும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அவ்வளவு பழையது. வழிபாடு அவரவர் நம்பிக்கை. ஆனால் பிணைந்திருக்கும் பாம்புகளின் மேல் புதுத்துணியைப் போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்று நினைத்து அருகில் போகாதீர்கள். கண்ணாடி விரியனின் ஆண்களும் இதே போலப் பின்னிக்கொண்டு பலம் பார்க்கும். தூரத்தில் இருந்து பார்த்துச் சாரை என்று முடிவு செய்து துணியோடு போனால் உயிருக்கே ஆபத்து.

ஆண், பெண் அடையாளம் எங்கே இருக்கிறது?

மாடு போலப் பாம்பில் வெளியே தெரியும் இன உறுப்பு கிடையாது. பாம்பைப் புரட்டிப் பார்த்தால், அடிவயிற்றின் அகலமான செதில்கள் முடியும் இடத்தில் குறுக்காக ஒரு பிளவு தெரியும். இதுதான் கழிவுத்துளை. எச்சம், முட்டை, குட்டி எல்லாம் இதன் வழியாகத்தான் வெளிவரும். இந்தத் துளைக்குப் பின்னால் இருப்பதுதான் பாம்பின் வால். அதற்கு முன்னால் இருப்பது முழுவதும் உடம்பு.

ஆண் பாம்புக்கு இன உறுப்பு ஒன்று அல்ல, இரண்டு. இரண்டும் உள்பக்கமாக மடிந்து, கழிவுத்துளைக்குப் பின்னால், வாலின் அடிப்பகுதிக்குள் இரண்டு பைகளாக இருக்கும். சட்டைக் கையை உள்பக்கமாகத் திருப்பி வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைசேரும்போது இரண்டில் ஒன்று மட்டும் வெளியே வரும்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்ற முறைகள் எல்லாம் எளிதாகப் புரியும். ஆணின் வால் இந்த உறுப்புகளுக்கு இடம் கொடுக்க வேண்டியிருப்பதால் அடிப்பகுதி பருத்து, சிறிது தூரம் அதே பருமனில் போய், பிறகு மெதுவாகக் கூர்மையாகும். வாலும் நீளமாக இருக்கும். பெண்ணின் வாலில் அந்த உறுப்புகள் இல்லாததால் கழிவுத்துளையைத் தாண்டியதுமே சட்டென்று ஒடுங்கும். வாலும் குட்டையாக இருக்கும்.

வெளித்தோற்றத்தில் எதை நம்பலாம்?

வாலின் வடிவம்: ஒரே இனத்தில், ஒரே வயதில் உள்ள இரண்டு பாம்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். தனியாக ஒரு பாம்பை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். வால் நுனி அறுபட்ட பாம்பில் நீளம் நம்மை ஏமாற்றிவிடும். மண்ணுளிப் பாம்பு போல வால் இயல்பிலேயே மொட்டையாக இருக்கும் இனங்களிலும் வால் நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

வாலடிச் செதில்களின் எண்ணிக்கை: கழிவுத்துளைக்குப் பின்னால் வால் நுனி வரை உள்ள செதில்களை எண்ணுவது ஒரு முறை. பல இனங்களில் ஆணுக்கு இந்த எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். பாம்பு உரித்துப் போட்ட சட்டை கிழியாமல் கிடைத்தால் அதிலேயே எண்ணலாம், பாம்பைத் தொடவே வேண்டாம். ஆனால் அந்த இனத்துக்கான ஆண், பெண் எண்ணிக்கை வரம்பு தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வரம்புகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும் இனங்களில் இது பயன்படாது.

கழிவுத்துளை அருகே உள்ள முள்: மலைப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு வகைகளில் கழிவுத்துளையின் இரண்டு பக்கமும் சிறு நகம் போல ஒன்று இருக்கும். பாம்பின் மூதாதைகளுக்கு இருந்த பின்னங்கால்களின் மிச்சம் இது. பொதுவாக ஆணுக்குப் பெரிதாகவும் பெண்ணுக்குச் சிறிதாகவும் இருக்கும். ஆனால் வீட்டில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பில் இரண்டு பாலுக்கும் இந்த முள் தெளிவாக இருப்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது.

உடல் அளவு: இது இனத்துக்கு இனம் மாறும். மலைப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு, நீர்ச்சாரை எனப்படும் தண்ணீர்ப் பாம்பு ஆகியவற்றில் பெண் பெரியது. ஆண்கள் பலப்பரீட்சை செய்யும் இனங்கள் பலவற்றில் ஆண் பெரிதாக வளரும். எனவே 'பெரியது ஆண், சிறியது பெண்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

நிறம்: நம் ஊர்ப் பாம்புகளில் நிறத்தை வைத்து ஆண், பெண் சொல்ல முடியாது. ஐரோப்பாவின் ஒரு விரியன் இனத்தில் ஆண் சாம்பல் நிறத்திலும் பெண் பழுப்பு நிறத்திலும் இருப்பது போன்ற விதிவிலக்குகள் வெளிநாடுகளில் உண்டு. நம் சாரையில் மஞ்சளும் உண்டு, கறுப்பும் உண்டு. இவை ஆண், பெண் வித்தியாசம் அல்ல.

நிபுணர்கள் செய்யும் சோதனைகள்

கம்பி முறை: முனை மழுங்கிய, வழவழப்பான மெல்லிய உலோகக் கம்பியில் வழுக்கும் பசை தடவி, கழிவுத்துளையிலிருந்து வால் நுனியை நோக்கி மெதுவாகச் செலுத்துவார்கள். ஆணில் அந்தப் பைக்குள் கம்பி ஆழமாகப் போகும். பெண்ணில் சிறிது தூரத்திலேயே நின்றுவிடும். எத்தனை வாலடிச் செதில் நீளத்துக்குப் போகிறது என்று கணக்கிடுவார்கள். பந்து மலைப்பாம்பில் பெண் என்றால் சுமார் 2 முதல் 4 செதில் வரைதான் போகும். ஆண் என்றால் 7 செதிலுக்கு மேல் போவது வழக்கம். இந்த அளவு இனத்துக்கு இனம் மாறும்.

இதில் தவறு நடக்கும் வழிகள் இரண்டு. ஆண் பாம்பு தசையை இறுக்கிக்கொண்டால் கம்பி உள்ளே போகாது, பெண் என்று எண்ணிவிடுவோம். பெண் பாம்பில் பலமாகத் தள்ளினால் சதையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும், ஆண் என்று எண்ணிவிடுவோம். இரண்டாவது தவறில் பாம்புக்கு உள்காயம், சீழ், மலட்டுத்தன்மை வரை ஏற்படலாம்.

அழுத்தும் முறை: பிறந்து சில நாட்களே ஆன குட்டிகளில் வாலின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் மென்மையாக உருட்டி அழுத்தினால், ஆணின் உறுப்புகள் இரண்டும் சிறு சிவப்பு மொட்டுகள் போல வெளியே வரும். பெண்ணில் வராது. வளர்ந்த பாம்பில் தசை பலமாக இருப்பதால் இந்த முறை பயன்படாது, காயம்தான் மிஞ்சும். குட்டியிலும் விரல் அழுத்தம் கூடினால் வால் எலும்பு நசுங்கும்.

ஸ்கேன்: கால்நடை மருத்துவர்கள் அல்ட்ராசவுண்ட் மூலம் வாலடியையும் சினைப்பையையும் பார்த்துச் சொல்வார்கள். பெண் என்றால் சினை முட்டைகள் வளர்ந்திருக்கிறதா என்பதும் தெரியும்.

டி.என்.ஏ. சோதனை: சிறிதளவு ரத்தம் அல்லது சட்டைத் துண்டு போதும். பாம்புக்குத் தொந்தரவு மிகக் குறைவு. ஆனால் எல்லா இனங்களுக்கும் இந்தச் சோதனை தயாராக இல்லை.

இவற்றில் முதல் இரண்டு முறைகளையும் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டு வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. விஷப்பாம்பில் இவை எதையும் பொதுமக்கள் நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது.

மரபணு சொல்வது என்ன?

மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் குரோமோசோம் தீர்மானிக்கிறது. சாரை, நாகம், கட்டுவிரியன், விரியன் போன்ற பாம்புகளில் இது தலைகீழ். அங்கே தாய்ப் பாம்பின் குரோமோசோம்தான் தீர்மானிக்கிறது. கோழியிலும் இப்படித்தான். மலைப்பாம்பு வகையில் இது வேறுவிதமாக, மனிதரைப் போலத் தந்தை வழியில் அமைந்திருப்பதைப் பர்மிய மலைப்பாம்பை வைத்து 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

பாம்பின் ஆண், பெண் ஆராய்ச்சிக்கு இந்தியாவில் ஒரு பெரிய பலன் கிடைத்தது. விஞ்ஞானி லால்ஜி சிங் பெண் பாம்பின் பால் குரோமோசோமை ஆராய்ந்தவர். மஞ்சள், கறுப்புப் பட்டைகள் கொண்ட கட்டுவிரியன் இனத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு டி.என்.ஏ. வரிசையை அவர் குழு கண்டுபிடித்தது. அதே வரிசை மனிதரிடமும் இருந்ததால், அதைக் கொண்டு ஐதராபாத்தில் இந்தியாவின் டி.என்.ஏ. கைரேகை முறையை அவர் உருவாக்கினார். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கின் புலனாய்விலும் இந்த முறை பயன்பட்டது.

வெப்பநிலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. பெசன்ட் நகர், நீலாங்கரை கடற்கரையில் மாணவர்கள் கடல் ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைப்பதை அறிந்திருப்பீர்கள். அந்தப் பங்குனி ஆமை முட்டைகளில் மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகம் வரும். வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணையில் சதுப்பு நில முதலைகளை வைத்துச் செய்த ஆய்வு 1989இல் வெளியானது. முட்டைகளை 28 முதல் 31 டிகிரி செல்சியஸில் வைத்தால் எல்லாம் பெண், 32.5 டிகிரியில் ஆண் என்று அதில் தெரிந்தது. பாம்பு முட்டையில் இப்படி நடப்பதில்லை. முட்டை உருவாகும்போதே ஆணா பெண்ணா என்பது முடிவாகிவிடுகிறது. அதன் பின் வைக்கோல் போரில் இருந்தாலும் எருக்குழியில் இருந்தாலும் மாறாது.

பூந்தொட்டியில் இருக்கும், ஆணே இல்லாத பாம்பு

மாடித்தோட்டம் வைத்திருக்கும் மயிலாப்பூர், தி.நகர் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பாம்பு ஒன்று உண்டு. தொட்டி மண்ணைக் கிளறும்போது மண்புழு போல, ஆனால் பளபளப்பாக, வேகமாக நெளிந்து ஓடும் கருத்த சிறு உயிரைப் பார்த்திருப்பீர்கள். அது மண்புழு அல்ல. புழுப்பாம்பு. ஒரு சாணுக்கு மேல் வளர்வது அரிது. விஷம் இல்லை. எறும்பு, கறையான்களின் முட்டைகளையும் இளம்புழுக்களையும் தின்னும்.

இந்தப் பாம்பில் ஆண் கிடையாது. கண்டெடுக்கப்பட்டவை எல்லாம் பெண்களே. ஆண் துணையின்றித் தானே முட்டையிட்டுத் தன்னைப் போன்ற பெண்களையே பெருக்கும். இப்படித் தனியாகவே இனம் பெருக்கும் பாம்பு இனம் உலகில் இது ஒன்றுதான் என்று அறியப்பட்டுள்ளது. ஒரே ஒரு பாம்பு தொட்டி மண்ணோடு போனாலும் புதிய ஊரில் குடும்பம் தொடங்கிவிடும். செடி வணிகத்தோடு கப்பலேறி இந்தியப் பகுதியிலிருந்து பல கண்டங்களுக்கும் அது பரவியது இப்படித்தான். எனவே உங்கள் தொட்டியில் இருப்பது புழுப்பாம்பு என்று உறுதியானால், எந்தச் சோதனையும் செய்யாமலே பெண் என்று சொல்லிவிடலாம். அதைக் கொல்ல வேண்டாம். மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

வீட்டில் பாம்பு வளர்க்கலாமா?

நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது குற்றம். 2022இல் திருத்தப்பட்ட இந்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மலைப்பாம்பு போல முதல் அட்டவணையில் உள்ள இனங்களைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. 'இருதலைப் பாம்பு' என்று மண்ணுளிப் பாம்பை லட்சக்கணக்கில் விலை பேசுவது முழு மோசடி. அதற்கு இரண்டு தலையும் இல்லை, மருந்துக் குணமும் இல்லை. ஆண் ஒரு விலை, பெண் ஒரு விலை என்று யாராவது பேசினாலும் அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள்.

பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களின் நிலை வேறு. சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசு விதிகளின்படி பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், பாம்பு இறந்தாலும், வேறு ஒருவருக்குக் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். சில இனங்களை இனப்பெருக்கம் செய்ய உரிமமும் வேண்டும். முறையான ஆவணம் இல்லாமல் வரும் பாம்புகள் பெரும்பாலும் கடத்தல் சரக்கு. 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளைச் சுங்கத்துறையினர் பறிமுதல் செய்தார்கள். பெட்டிக்குள் அடைபட்டு வரும் பாம்பு நோயோடு வரும். வாங்குபவருக்கு வழக்கும் வரும்.

பதிவு பெற்ற பாம்பு வைத்திருப்பவர்களுக்கு

ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்வது இவர்களுக்கு வெறும் ஆர்வம் அல்ல, அவசியம்.

• ஆணையும் பெண்ணையும் தெரியாமல் ஒரே பெட்டியில் வைத்தால் குட்டிகள் பிறக்கும். அதைத் தெரிவிக்காமல் விட்டால் சட்டச் சிக்கலில் முடியும்.
• பெண் பாம்பு இரை எடுக்காமல் இருந்தால் அது சினையாக இருக்கலாம். முட்டை உள்ளேயே அடைபட்டு உயிருக்கு ஆபத்தாகவும் மாறலாம். ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.
• பெண் பாம்பு ஆணின் விந்தணுவைப் பல மாதங்கள், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில்கூட உடலுக்குள் சேமித்து வைக்கும். எனவே தனியாக வளர்ந்த பாம்பு முட்டையிட்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம். மலைப்பாம்பு வகைகளில் ஆண் இல்லாமலே முட்டையிட்டுக் குட்டி பொரித்த சம்பவங்களும் அரிதாகப் பதிவாகியுள்ளன.
• வாலடியில் வீக்கம், கழிவுத்துளையில் சதை வெளியே தொங்குவது, ரத்தம் போன்றவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்னையில் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். போகும்போது பதிவு ஆவணத்தையும், கடைசியாக உரித்த சட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். பாம்பைப் பருத்திப் பையில் போட்டு வாயைக் கட்டி, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போக வேண்டும். இரை விழுங்கிய இரண்டு, மூன்று நாட்களுக்குள் பாம்பைக் கையாளக்கூடாது. கக்கிவிடும்.

பாம்புகளைப் பற்றி நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்குக் கிண்டி பாம்புப் பண்ணை நல்ல இடம். ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய இந்தப் பண்ணை 1972 முதல் கிண்டியில் உள்ளது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சாரையையும் நாகத்தையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டால் 'சாரை ஆண்' என்ற கதை தானாகவே போய்விடும்.

தோட்டத்தில், வீட்டில் பாம்பைக் கண்டால்

1. ஆணா பெண்ணா, விஷமுள்ளதா இல்லையா என்று பார்க்க அருகில் போகாதீர்கள். குறைந்தது இரண்டு ஆள் நீளம் தள்ளி நின்று, அது எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.
2. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித்துறைக்கு 101 எண்ணில் சொல்லுங்கள். வனத்துறைக்கும் தகவல் கொடுக்கலாம்.
3. வைக்கோல் போர், எருக்குழி, கல் குவியலில் முட்டைகள் கிடந்தால் கையால் தொடாதீர்கள். நல்ல பாம்பு 12 முதல் 30 முட்டை வரை இடும். பெண் பாம்பு அருகிலேயே காவல் இருக்கும். முட்டையின் பக்கத்தில் இருக்கும் பாம்பு எது என்று தேடுவதுதான் கடிபடுவதற்கான நேர்வழி.
4. ஒரு பாம்பைக் கண்டால் அதன் ஜோடி வரும் என்று பயப்பட வேண்டாம். பாம்புகள் ஜோடியாகக் குடும்பம் நடத்துவதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் பெண் பாம்பின் வாசனைத் தடத்தைப் பிடித்து ஆண்கள் வரலாம். அது இணை தேடி வருவது, பழிவாங்க அல்ல.
5. எலி இருக்கும் இடத்துக்குத்தான் சாரை வரும். மாடித்தோட்டத்திலும் தானியக் கிடங்கிலும் குப்பை, பழைய பலகை, எலி வளை இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாம்பு வரவும் குறையும்.

கடித்தது ஆண் பாம்பா, பெண் பாம்பா?

பழைய விஷ வைத்திய முறையில் ஆண் பாம்புக் கடி, பெண் பாம்புக் கடி என்று பிரித்து வைத்தியம் சொல்வது உண்டு. இன்றைய சிகிச்சைக்கு இது தேவையே இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மாற்று மருந்துதான் இந்திய மருத்துவமனைகளில் கொடுக்கப்படுகிறது. அந்த மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தை, வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துக் கொடுக்கிறார்கள். இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பின் வாலைத் தொட்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் அனுபவம் இப்படிப்பட்ட கைகளுக்கு உரியது.

எனவே கடித்த பாம்பைத் துரத்தி அடித்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் படுக்க வையுங்கள். மோதிரம், வளையல், இறுக்கமான துணியைக் கழற்றுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைத்து அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்துள்ளது. தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

சுருக்கமாகச் சொன்னால், பாம்பில் ஆண், பெண் வித்தியாசம் பெயரிலோ நிறத்திலோ படத்திலோ இல்லை. வாலின் அடியில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்ப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. உங்கள் வயலில் ஓடும் சாரை ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் தின்பது எலியைத்தான். அடுத்த முறை அதைக் கண்டால் வழிவிட்டு நில்லுங்கள், அது தன் வேலையைப் பார்க்கட்டும்.